ஜிங்க் + காப்பர் சல்பேட்: மோலுக்கு 217 கிலோஜூல் வர வேண்டிய இடத்துல 136தான் வருது, மீதிச் சூடு எங்கே போகுது?

பால்மரத்தடி (சுங்கை சிப்புட், மலேசியா) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். படிவம் 5 பிள்ளைகளுக்கு தெர்மோகெமிஸ்ட்ரி (வினையில வர்ற, போற சூட்டைக் கணக்குப் போடுற பாடம்) டியூஷன் போய்க்கிட்டிருக்கு. தோட்டத்துக் கோயில் மண்டபத்துலதான் வகுப்பு. லேப் கிடையாது. பீக்கர், தெர்மோமீட்டர், சின்னத் தராசு, கொஞ்சம் கெமிக்கல், அவ்வளவுதான் சாமான்.

ஜிங்க் போட்டு காப்பரை வெளியே தள்ளுற சோதனையோட விவரம் இது: 100 மி.லி. கண்ணாடி பீக்கர், காப்பர் சல்பேட் கரைசல் 25 மி.லி. (லிட்டருக்கு 0.2 மோல்; மோல்ங்கிறது துகளை எண்ணுற அலகு), ஜிங்க் பவுடர் அரைக் கரண்டி. மேலே ஃபேன் ஓடுது. தொடக்கத்துல 28.5 டிகிரி, உச்சம் 35.0 டிகிரி.

கணக்கு: 25 கிராம் × 4.2 (ஒரு கிராம் தண்ணி ஒரு டிகிரி ஏற வேண்டிய ஜூல்) × 6.5 டிகிரி = 682.5 ஜூல். காப்பர் சல்பேட் 0.005 மோல். அப்போ ஒரு மோலுக்கு 136.5 கிலோஜூல். புத்தகத்துல சுமார் 217 போட்டிருக்கு. "சுற்றுப்புறத்துக்குப் போயிடுச்சு"ன்னு ஒரே வரியில பதில் சொன்னா பிள்ளைங்க விட மாட்டேங்குதுங்க. எந்தச் சுற்றுப்புறம், எவ்வளவு போச்சு, எப்படிப் போச்சுன்னு கேக்குறாங்க.

இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு. பிணைப்பு உடையும்போதுதான் ஆற்றல் வெளியே வருதுன்னு பாதிப் பேர் எழுதுறாங்க, அதை எப்படித் திருத்துறது? அப்புறம், சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்திக் காட்டணும்னு ஆசைப்படுறாங்க. எவ்வளவு எடுத்தா ஆபத்து இல்லாம காட்டலாம்? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா எழுதுங்க.


லேப்_அலமாரி எழுதியது:

மொதல்ல உங்க 136-ஐப் பிரிச்சுப் பார்ப்போம். 0.005 மோலுக்கு 217 கிலோஜூல் வீதம் 1085 ஜூல் வெளியே வந்திருக்கணும். தண்ணியில நீங்க பிடிச்சது 682. காணாமப் போனது சுமார் 400 ஜூல். இது மாயமா மறையல, ஒவ்வொண்ணையும் தேடிப் பிடிக்கலாம்.

பெரிய பங்கு பீக்கருக்கு. காலி பீக்கரைத் தராசுல வைங்க, 50 கிராம் கிட்ட இருக்கும். கண்ணாடி ஒரு கிராம் ஒரு டிகிரி ஏற 0.8 ஜூல் வாங்கும். முழு பீக்கரும் சூடானா ஒரு டிகிரிக்கு 40 ஜூல், 6.5 டிகிரிக்கு 260. ஒரு நிமிஷத்துல மேல் விளிம்பு வரைக்கும் சூடு ஏறாது, தண்ணி தொடுற கீழ்ப்பகுதிதான் ஏறும். அதனால 150 முதல் 250க்குள்ள வச்சுக்குங்க. தெர்மோமீட்டர் முனை ஒரு இருபது ஜூல் எடுக்கும்.

அடுத்தது ஃபேன். ஒரு கிராம் தண்ணி ஆவியாக சுமார் 2400 ஜூல் வேணும். ஒரு துளி 0.05 கிராம்னு வச்சா 120 ஜூல். திறந்த பீக்கருக்கு மேல ஃபேன் ஓடினா ஒரு துளி போறது கண்ணுக்கே தெரியாது, ஆனா உங்க கணக்குல ஒரு மோலுக்கு 24 கிலோஜூல் குறைஞ்சிருக்கும். மூடி போடச் சொல்றது இதுக்குத்தான், தூசி விழாம இருக்குறதுக்கு இல்ல.

மிச்சம் நேரத்தால போறது. ஜிங்க் பவுடர் பழசா இருந்தா மேல வெள்ளையா ஆக்ஸைடு படிஞ்சிருக்கும், வினை இழுத்துக்கிட்டே போகும். ஒரு நிமிஷத்துல முடிய வேண்டியது அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னா அந்த அஞ்சு நிமிஷமும் சூடு வெளியே கசிஞ்சுக்கிட்டே இருக்கும். உச்ச வெப்பநிலைன்னு நீங்க படிக்கிறது உண்மையான உச்சமே இல்ல.

இப்படிச் செஞ்சு பாருங்க. பாலிஸ்டிரீன் கப் ரெண்டை ஒண்ணுக்குள்ள ஒண்ணு வச்சு, சாயாம இருக்க பீக்கருக்குள்ள இறக்குங்க. கப் ரெண்டு மூணு கிராம்தான் இருக்கும், ஒரு டிகிரிக்கு மூணு நாலு ஜூலுக்கு மேல எடுக்காது. அட்டையில ஓட்டை போட்டு மூடி. ஃபேனை நிறுத்துங்க. கரைசலை ஊத்தி, ஜிங்க் போடுறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு அரை நிமிஷத்துக்கும் வெப்பநிலையைக் குறிச்சுக்கிட்டு வாங்க. சரியா மூணாவது நிமிஷத்துல ஜிங்க் பூராவையும் ஒரே தடவையில கொட்டிக் கலக்குங்க. அந்த நேரத்துல படிக்காதீங்க. மூணரைலருந்து பத்தாவது நிமிஷம் வரைக்கும் மறுபடியும் அரை நிமிஷத்துக்கு ஒண்ணு.

வரைபடத்துல கோடு ஏறி, உச்சம் தொட்டு, மெல்லச் சரியும். சரியுற கோட்டை ஸ்கேல் வச்சுப் பின்னாடி மூணாவது நிமிஷம் வரைக்கும் நீட்டுங்க. அது வெட்டுற இடந்தான், வினை கண நேரத்துல முடிஞ்சு எதுவும் கசியாம இருந்திருந்தா தொட்டிருக்கும் வெப்பநிலை. கசிவை நிறுத்த முடியாது, ஆனா இப்படி அளந்து கூட்டிக்கலாம்.

ஜிங்க் அளவு: 0.005 மோலுக்கு 0.33 கிராம் போதும். 0.5 கிராம் போடுங்க. "அரைக் கரண்டி"ன்னு விட்டா ஒருத்தர் 0.2 போடுவார், ஒருத்தர் 1 கிராம் போடுவார். முடிஞ்சதும் கொஞ்ச நேரம் அடியில தங்க விட்டு மேல் தண்ணியைப் பாருங்க. நீல நிறம் மிச்சம் இருந்தா வினை முடியல, அந்தக் கணக்கைப் போடாதீங்க.

பிள்ளைங்க கவனிக்காத ஒண்ணு: இந்த அளவுல ஒரு டிகிரிங்கிறது 105 ஜூல், அதாவது ஒரு மோலுக்கு 21 கிலோஜூல். ஒரு டிகிரிக் கோடு போட்ட தெர்மோமீட்டர்ல அரை டிகிரி அப்படி இப்படிப் படிச்சாலே பத்து கிலோஜூல் ஆடும். கரைசலை லிட்டருக்கு 0.5 மோலா ஆக்கினா ஏற்றம் 25 டிகிரி கிட்ட வரும், ஒரு டிகிரித் தப்பு 8.4 கிலோஜூலாக் குறையும். அதுக்கு 100 மி.லி. கரைசல்ல 12.5 கிராம் காப்பர் சல்பேட் நீலப் படிகம் இருக்கணும், 25 மி.லி.க்கு ஜிங்க் 1.2 கிராம். ஆனா சூடு கூடக்கூடக் கசிவும் கூடும், அதனால நீட்டுற கோட்டைக் கட்டாயம் போடணும். 1 மோல் வரைக்கும் போகாதீங்க. தத்துவப்படி 50 டிகிரிக்கு மேல ஏறி கப்புல ஆவி பறக்கும், அப்புறம் எந்தக் கணக்கும் நிக்காது.

0.2 மோல் கரைசல்ல கப், மூடி எல்லாம் சரியா இருந்தா 9 முதல் 10 டிகிரி ஏறும். 190க்கு மேல வந்தாலே இந்தச் சாமானுக்கு நல்ல வேலை. யாராவது அச்சு அசலா 217 எழுதிக் கொடுத்தா, புத்தகத்தைப் பார்த்து எழுதினதுன்னு தெரிஞ்சுக்கலாம் 🙂

கழுவின தண்ணியை வடிகால்ல ஊத்தாதீங்க. காப்பர் மீனுக்கு விஷம். ஜிங்க் கொஞ்சம் அதிகமாப் போட்டு நீலம் பூராப் போன பிறகு வடிகட்டி, தூளைத் தனியா டப்பாவுல சேர்த்து வைங்க.


கெமிஸ்ட்ரி_டீச்சர்_பேராக் எழுதியது:

மேலே சொன்ன அளவுகள் எல்லாம் சரி. நான் மற்ற இரண்டு கேள்விக்கு வருகிறேன்.

பிள்ளைகளிடம் முதலில் கேட்க வேண்டியது: கப்பில் இருக்கும் தண்ணீர் வினையின் பக்கமா, சுற்றுப்புறமா? பெரும்பாலும் "வினை" என்பார்கள், கப்புக்குள் இருப்பதால். வினை என்பது ஜிங்க் அணுக்களும் காப்பர் அயனிகளும் மட்டுமே. சல்பேட் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த 25 மி.லி. தண்ணீர்தான் முதல் சுற்றுப்புறம், கப் இரண்டாவது, காற்று மூன்றாவது. நாம் கணக்குப் போடுவது முதல் சுற்றுப்புறத்தில் விழுந்ததை மட்டும். "சுற்றுப்புறத்துக்குப் போய்விட்டது" என்று பதில் எழுதும் பிள்ளை, நமக்கு வேண்டிய சூடும் சுற்றுப்புறத்துக்குத்தான் போனது என்பதை மறந்துவிடுகிறது. விடைத்தாளில் "காற்றுக்கும் பாத்திரத்துக்கும் போனது" என்று எழுதச் சொல்லுங்கள்.

பிணைப்பு விஷயம். உடைக்க எப்போதும் செலவு, அமையும்போது எப்போதும் வரவு. விதிவிலக்கே இல்லை. எண்ணோடு காட்டினால்தான் மண்டையில் நிற்கும்: ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு ஆகும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் மூலக்கூறை உடைக்க 436 கிலோஜூல், குளோரின் மூலக்கூறை உடைக்க 242. செலவு 678. புதிதாக இரண்டு பிணைப்பு, தலா 431, வரவு 862. மிஞ்சுவது 184 கிலோஜூல், அதுதான் வெளியே வருகிறது. தீக்குச்சி உரசினால்தான் எரிவாயு பற்றும் என்பதும் இதனால்தான். முதல் செலவுக்கு யாராவது கைமாற்றுத் தர வேண்டும், பிறகு வரவிலிருந்தே அடுத்தடுத்த செலவு நடக்கும்.

ஜிங்க்–காப்பர் வினையில் இப்படி இரண்டு வரியில் முடியாது. ஜிங்க்கை உலோகத்திலிருந்து பிய்த்து எலக்ட்ரானைக் கழற்றச் செலவு, அந்த அயனியைத் தண்ணீர் மூலக்கூறுகள் சூழும்போது வரவு, காப்பர் அயனியைத் தண்ணீரிடமிருந்து மீட்கச் செலவு, அது எலக்ட்ரானை வாங்கி உலோகமாகப் படியும்போது வரவு. நான்கையும் கூட்டிக் கழித்துத்தான் 217.

எப்படிப் போகிறது? புதிய அமைப்பு உருவானதும் அந்தத் துகள்கள் கட்டுக்கடங்காமல் அதிரும். பக்கத்துத் தண்ணீர் மூலக்கூறுகளை இடிக்கும், அவை அடுத்தவற்றை இடிக்கும். ஒரு விநாடியைக் கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூறு நேரம்கூட ஆகாது, அதிர்வு பரவிவிடும். அந்த அதிர்வின் சராசரியைத்தான் தெர்மோமீட்டர் டிகிரியாகச் சொல்கிறது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் பௌதிகப் பாடம்: கப் வழியே கடத்தல், தண்ணீருக்குள்ளும் காற்றிலும் சலனம், மேற்பரப்பில் ஆவியாதல், கொஞ்சம் கதிர்வீச்சு. மெக்னீசிய நாடா எரியும்போது கணிசமான பங்கு நேராக ஒளியாகவே போய்விடும். அங்கே கண்ணைக் காப்பாற்ற வேண்டும்.

சூடாக மட்டும்தான் போகும் என்றும் இல்லை. ஜிங்க்கை அமிலத்தில் போட்டால் ஹைட்ரஜன் கிளம்புகிறது. ஒரு மோல் வாயுவுக்கு நம் ஊர் வெப்பநிலையில் சுமார் 25 லிட்டர் இடம் வேண்டும், அந்த இடத்தைப் பிடிக்க வெளிக்காற்றைத் தள்ள வேண்டும். அந்தத் தள்ளும் வேலைக்குச் சுமார் 2.5 கிலோஜூல்.

இதைவிட அழகான உதாரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது. அதே ஜிங்க், அதே காப்பர் சல்பேட். ஆனால் இரண்டையும் தொடவிடாமல் பிரித்து, நடுவில் நுண்துளைச் சுவர் வைத்து, வெளியே கம்பி கட்டினால் டேனியல் மின்கலம். 1836இல் ஜான் பிரெடெரிக் டேனியல் செய்தது. மின்னழுத்தம் 1.1 வோல்ட். ஒரு மோல் ஜிங்க் கரைய இரண்டு மோல் எலக்ட்ரான் கம்பி வழியே போகும். 2 × 96,500 × 1.1 போட்டால் 212 கிலோஜூல். 217இல் 212 வரை மின்சாரமாக எடுக்க முடியும், அந்த எல்லையில் கரைசல் லேசாகத்தான் சூடாகும். வினை எவ்வளவு ஆற்றலைக் கொடுக்கும் என்பதை வினைப்பொருள்கள் முடிவு செய்கின்றன. எந்த வழியாகக் கொடுக்கும் என்பதை நாம் கட்டிவைக்கும் அமைப்பு முடிவு செய்கிறது. கப்பில் கலக்கினால் கப்பில் சூடு, கம்பி கட்டினால் பல்பில் வெளிச்சம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் காட்டுங்கள்.


பாய்லர்மேன் எழுதியது:

சுண்ணாம்புக் கேள்வியை யாரும் தொடலையே, நான் சொல்றேன்.

முதல்ல சரியான சரக்கு வேணும். செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மண் புளிப்பு குறைக்கப் போடுற தூள் வெறும் அரைச்ச சுண்ணாம்புக்கல், கார்பனேட். அதுல குடம் குடமாத் தண்ணி ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாது. வெத்திலைக்குத் தடவுற சுண்ணாம்பு ஏற்கெனவே தண்ணி பட்டு நீத்தது, அதுவும் செத்த சரக்கு. உங்களுக்கு வேண்டியது காளவாயில சுட்டெடுத்த கட்டி. ஈப்போ பக்கம் நாம பார்க்குற சுண்ணாம்புக் குன்றுக் கல்லை 900 டிகிரி கிட்டச் சுட்டா கார்பன் டை ஆக்ஸைடு கழண்டு போய் மிஞ்சுறது அது. ஒரு மோலுக்கு 178 கிலோஜூல் வாங்கிக்கிட்டுத்தான் அது கழலும். தண்ணி பட்டதும் அதுல 65 கிலோஜூல் திரும்பி வருது.

கட்டி கட்டியா இறுக்கமா இருந்தா நல்லது. டப்பாவைத் திறக்கும்போதே மாவா உதிர்ந்து கிடந்தா காத்து ஈரத்துலயே நீத்துப்போச்சுன்னு அர்த்தம். நம்ம ஊர் ஈரக்காத்துல மூடி சரியில்லாத டப்பா ரொம்ப நாள் தாங்காது.

அளவு 20 கிராம் போதும், அதுக்கு மேல வேணாம். 20 கிராம்ல 23 கிலோஜூல் இருக்கு. இதை ரெண்டு விதமாக் காட்டுங்க.

ஒண்ணு: ஸ்டீல் குவளையில 200 மி.லி. தண்ணி வச்சு, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணியில போட்டுக் கலக்குங்க. கணக்குப்படி 27 டிகிரி ஏறணும், கட்டி மெதுவாக் கரையுறதால இருபது சொச்சம் கிடைக்கும்.

ரெண்டு: வேற ஒரு ஸ்டீல் டப்பாவுல அதே 20 கிராம் கட்டி, மேல வெறும் 10 மி.லி. தண்ணி. ஒரு நிமிஷம் சும்மா இருக்கும், "ஒண்ணும் நடக்கலையே"ன்னு எட்டிப் பார்க்கத் தோணும். பார்க்கக் கூடாது! திடீர்னு கட்டி வெடிச்சு விரிஞ்சு நீராவி குப்புன்னு வரும். ரெண்டு டப்பாவுலயும் அதே 23 கிலோஜூல்தான். முதல்ல அதைப் பங்கு போட 200 கிராம் தண்ணி இருந்துச்சு. இங்க நீக்கவே 6.4 கிராம் செலவாயிடும், மிச்சம் மூணு நாலு கிராம் தண்ணிதான் சூட்டை வாங்க இருக்கு, கொதிக்காம என்ன செய்யும்? வெப்பநிலை வேற, வெப்பம் வேறன்னு இதைவிடத் தெளிவாக் காட்ட முடியாது.

செய்யக் கூடாதது: கண்ணாடி பீக்கர்ல ரெண்டாவதைச் செய்யாதீங்க, ஒரு பக்கம் மட்டும் சூடேறி விரிசல் விடும். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேணாம், நீத்த சுண்ணாம்பு அலுமினியத்தை அரிச்சு ஹைட்ரஜன் கிளப்பும். மூடி போட்ட பாட்டில்ல செய்யவே கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி போடாத பிள்ளை மூணு மீட்டருக்குள்ள வரக் கூடாது. சுண்ணாம்பு கண்ணுல தெறிச்சா சூடு ஒரு பக்கம், காரம் ஒரு பக்கம். ஓடுற தண்ணியில குறைஞ்சது 20 நிமிஷம் இமையைப் பிரிச்சுப் பிடிச்சுக் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. தண்ணிக் குழாய் பக்கத்துல இல்லாத இடத்துல இந்தச் சோதனையே வேணாம்.

கடையில விக்குற, தண்ணி ஊத்தினா தானே கொதிக்கிற ஸ்டீம்போட் (சூப்புல வேக வச்சுச் சாப்பிடுறது) டப்பாவுல இருக்குற பையும் இதே கதைதான். பெரும்பாலும் சுட்ட சுண்ணாம்பும் அலுமினியப் பவுடரும் கலந்திருக்கும். மேல மூடியில ஓட்டை விட்டிருக்குறது நீராவியும் ஹைட்ரஜனும் போறதுக்கு. அதை அடைச்சிட்டு சூடு நிக்கட்டும்னு நினைக்கிறவங்க இருக்காங்க லா, என்ன சொல்றது.


தண்ணித்தொட்டி எழுதியது:

காஸ்டிக் சோடாவுக்கும் அதே விதி. 1 கிராம் கரைஞ்சா 1.1 கிலோஜூல். அரை லிட்டர் தண்ணியில 100 கிராம் ஒரேயடியாப் போட்டா 40 டிகிரிக்கு மேல ஏறும், நம்ம ஊர்த் தண்ணி 28ல இருந்து 70 தாண்டும். அடைச்ச கிச்சன் சிங்க்குக்குள்ள வில்லையைக் கொட்டிட்டு மேல தண்ணி ஊத்துறது ரொம்பத் தப்பு. அடியில கொஞ்சம் தண்ணிதான் நிக்கும், அது கொதிச்சு மேல எகிறும். வாளியில தண்ணி, அதுல வில்லை, கொஞ்சம் கொஞ்சமா. பேட்டரி ஆசிட்டுக்கும் அப்படித்தான், தண்ணியிலதான் ஆசிட்டை ஊத்தணும்.

சந்தேகம் ஒண்ணு: உரம் கலக்கும்போது யூரியாத் தொட்டி சில்லுனு ஆகி வெளிப்பக்கம் வேர்க்குதே, அது ஏன்?


கெமிஸ்ட்ரி_டீச்சர்_பேராக் எழுதியது:

யூரியா கரையும்போது படிகத்தைப் பிரிக்கும் செலவு, தண்ணீரோடு சேரும் வரவைவிட அதிகம். பற்றாக்குறையைத் தண்ணீரிடமே வாங்கிக்கொள்கிறது. ஒரு மோலுக்குச் சுமார் 15 கிலோஜூல், கிராமுக்கு 250 ஜூல். பத்து லிட்டரில் ஒரு கிலோ போட்டால் ஐந்தாறு டிகிரி இறங்கும். 28 டிகிரித் தண்ணீர் 22க்கு வந்தால் நம் காற்றின் ஈரம் தொட்டிச் சுவரில் படியும், அதுதான் வேர்வை. கவனியுங்கள், அந்த ஈரம் படியும்போது தன் சூட்டைத் தொட்டிக்குக் கொடுக்கிறது. சுற்றுப்புறத்திலிருந்து உள்ளே ஆற்றல் வருவதைக் கண்ணால் பார்க்கும் அபூர்வமான இடம். வெப்பக்கொள் (சூட்டை உள்ளே இழுக்கும்) வினைக்கு அம்மோனியம் குளோரைடு தேடி அலைய வேண்டாம். யூரியா போதும், மலிவு.


காங்கிரீட்_வேலை எழுதியது:

வேகத்தைப் பத்தி ஒரு வார்த்தை. சிமெண்ட் இறுகுறதும் வெப்பம் உமிழுற வினைதான். முதல் ஒரு வாரத்துல ஒரு கிராமுக்கு 300 ஜூல் கிட்ட விடும். ஒரு கன மீட்டர் காங்கிரீட்ல 350 கிலோ சிமெண்ட் இருந்தா 105 மெகாஜூல். அந்தக் காங்கிரீட் 2,400 கிலோ எடை, ஒரு டிகிரி ஏற சுமார் 2.4 மெகாஜூல் வாங்கும். எதுவும் வெளியே போகாட்டி 44 டிகிரி ஏறணும்.

நாலு அங்குலத் தளத்துல கை வச்சா லேசான வெதுவெதுப்புதான். வர்ற சூடு வர வர மேலயும் கீழயும் போயிடுது. அதே கலவையை ஒரு மீட்டர் தடிமன் அடித்தளத்துல ஊத்தினா நடுவுல இருக்குற சூட்டுக்கு வெளியே வர வழி தூரம். 30 டிகிரியில ஊத்தினது நடுவுல 70 கிட்டப் போகும். வெளிப்பக்கம் ஆறிச் சுருங்கும், உள்ளே விரிஞ்சு நிக்கும், விரிசல் அங்கதான். நடுவுக்கும் மேலுக்கும் 20 டிகிரிக்கு மேல வித்தியாசம் வரக் கூடாது, உள்ளே 70 தாண்டக் கூடாதுன்னு வேலைக் குறிப்புல போடுறது இதனால. மேல் பக்கம் வேகமா ஆறட்டும்னு தண்ணி பீய்ச்சுறவங்க வித்தியாசத்தைக் கூட்டித்தான் விடுறாங்க. பெரிய அடித்தளத்தைப் போர்த்தணும்.


பாய்லர்மேன் எழுதியது:

செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பின்னாடி பழம் உதிர்த்த வெறுங்குலைக் குவியலும் இப்படித்தான். காலையில புகை மாதிரி ஆவி வரும். நுண்ணுயிர்கள் தின்னு ஆக்ஸிஜனோட சேர்க்குற வேலை, எரியுறதோட அதே வரவுதான், ஆனா வாரக்கணக்குல. குவியல் பெருசா இருந்தா நடுவுல 60, 70 டிகிரி நிக்கும். சின்னதாப் பரப்பிப் போட்டா வெறும் ஈரமாத்தான் இருக்கும். காய்ஞ்ச நார்க் குவியல்ல இது இன்னும் ஆபத்து. சூட்டைக் குடிக்க ஈரம் இல்ல, அதனால பத்திக்கவும் செய்யும். உயரம் குறைச்சுப் போட்டு, புரட்டிக்கிட்டே இருக்கணும்.

பாய்லர் அடுப்புல ஈரம் என்ன செய்யும்னு பிள்ளைங்களுக்கு ஒரு கணக்கு கொடுங்க. காய்ஞ்ச நார் கிலோவுக்கு சுமார் 19 மெகாஜூல். நூத்துக்கு 40 ஈரம் இருந்தா எரிய 0.6 கிலோதான் இருக்கு, 11.4 மெகாஜூல். அந்த 0.4 கிலோ தண்ணியை ஆவியாக்க ஒரு மெகாஜூல் போகும். மிச்சம் 10.4. நூத்துக்கு 65 ஈரம் உள்ள வெறுங்குலைன்னா அஞ்சு மெகாஜூல் கிட்டத்தான் மிஞ்சும். நாரையும் கொட்டை ஓட்டையும் அடுப்புல போட்டுட்டு, குலையைப் பிழியாம போடாததுக்குக் காரணம் இதுதான். இதுலயும் புகைபோக்கி வழியா 200 டிகிரிக்கு மேல சூடான காத்து வெளியே போகுது, அதுவும் சுற்றுப்புறந்தான்.


பால்மரத்தடி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெட்டைக் கப், மூடி, 0.5 கிராம் ஜிங்க், ஃபேன் நிறுத்தம். கோட்டைப் பின்னாடி நீட்டினதுல ஏற்றம் 9.5 டிகிரி வந்துச்சு, கணக்கு 199.5. அடுத்த வாரம் எத்தனால் எரிக்கிற சோதனை. அதுக்கும் பாலிஸ்டிரீன் கப்பே போதுமா?


லேப்_அலமாரி எழுதியது:

வேணாம், உருகிடும். இங்க சூடு வெளியிலிருந்து உள்ளே வரணும், பாலிஸ்டிரீன் அதைத் தடுக்கும். மெல்லிய செம்புக் குவளை வேணும், 200 மி.லி. தண்ணி. செம்பு ஒரு கிராமுக்கு 0.39 ஜூல்தான் எடுக்கும். குவளை 150 கிராம் இருந்தாலும் 30 டிகிரி ஏற 1.75 கிலோஜூல்.

எதிர்பார்ப்பைக் குறைச்சு வச்சுக்குங்க. 30 டிகிரி ஏற்ற தண்ணிக்கு 25.2 கிலோஜூல் வேணும். விளக்குல 1.4 கிராம் குறைஞ்சிருந்தா ஒரு மோலுக்கு 828 வரும், புத்தகத்துல 1367. செம்புப் பங்கைக் கூட்டினாலும் 886 கிட்டத்தான். மீதியில பெரும்பங்கு சுவாலையைச் சுத்தி மேல போற சூடான காத்து. அரைகுறையா எரிஞ்சதும் ஒரு பங்கு. குவளை அடியில கரி படிஞ்சிருந்தா அதுதான் சாட்சி.

குவளை அடி சுவாலை நுனியைத் தொடுற உயரத்துல இருக்கட்டும். கம்பி வலை வேணாம், அது தனியாச் சூடு குடிக்கும். மூணு பக்கமும் தகரத் தடுப்பு வைங்க, ஆனா கீழே காத்துக்கு வழி விடுங்க. தண்ணியைக் கலக்கிக்கிட்டே படிங்க, இல்லேன்னா அடித் தண்ணி சூட்டையும் மேல் தண்ணி சூட்டையும் போட்டுக் குழப்பிக்குவீங்க. விளக்கை அணைச்சதும் வெப்பநிலை இன்னும் கொஞ்சம் ஏறும், அந்த உச்சத்தைத்தான் எழுதணும். விளக்கை உடனே மூடியால அணைச்சு, ஆறுறதுக்குக் காத்திருக்காம எடை போடுங்க. திரி திறந்து கிடந்தா எத்தனால் சும்மாவே ஆவியாகும், எரியாத அந்த 0.1 கிராமும் எரிஞ்ச கணக்குல சேர்ந்து 55, 60 கிலோஜூலைத் தின்னுடும்.